வேலை பினாங்கில், வாடகை பிரிக்பீல்ட்ஸில்

புதிய வேலைக்கான கடிதம் கைக்கு வந்த அன்றே இரண்டு கணக்குகள் தொடங்கிவிடுகின்றன. இப்போதைய முதலாளிக்கு எத்தனை வார நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்பது ஒன்று. அதை எல்லாரும் உடனே போட்டுப் பார்த்துவிடுகிறார்கள். பிரிக்பீல்ட்ஸ் கொண்டோவுக்கோ கிள்ளான் தாமான் வீட்டுக்கோ போட்ட வாடகை ஒப்பந்தத்தில் இன்னும் எத்தனை மாதம் மிச்சம் என்பது மற்றொன்று. பெட்டி கட்டும்போதுதான் அது பலருக்கு நினைவுக்கு வருகிறது.

கேஎல் சென்ட்ரல் பக்கத்து அலுவலகத்தை விட்டு பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கோ ஜொகூர் பாருவுக்கோ சிங்கப்பூருக்கோ போகிறவர், ஒப்பந்தம் முடியாத வீட்டை அப்படியே விட்டுப் போனால் குறைந்தது இரண்டு மாத வாடகையை இழப்பார். புது வேலையில் மாதம் ஐந்நூறு வெள்ளி கூடக் கிடைக்கிறது என்று வையுங்கள். ஆயிரத்து ஐந்நூறு வெள்ளி வீட்டின் டெபாசிட் போனால், அரை ஆண்டுச் சம்பள உயர்வு அதிலேயே கரைந்துவிடும். ஆகவே வீட்டுக்காரரிடம் பேசுவதும் வேலை மாறும் வேலையில் ஒரு பகுதிதான்.

பேசப் போகும் முன் ஒன்றை மனதில் இருத்திக்கொள்ளுங்கள். நீங்கள் போவதைப் பற்றி வீட்டுக்காரருக்குக் கவலை இல்லை. வீடு பூட்டிக் கிடக்கும் மாதங்களில் வங்கித் தவணையும் பராமரிப்புக் கட்டணமும் தன் கையிலிருந்து போகுமே என்பதுதான் அவர் கவலை. அந்தக் கவலைக்கு மருந்தோடு போகிறவர் டெபாசிட்டில் பெரும்பகுதியைத் திரும்ப வாங்கிவிடுகிறார். தன் குடும்பக் கஷ்டத்தை மட்டும் கொண்டுபோகிறவருக்கு ஆறுதல் கிடைக்கும், பணம் கிடைக்காது.

முதலில் ஒப்பந்தத்தை எடுங்கள்

மலேசியாவில் வீட்டு வாடகைக்கென்று தனிச் சட்டம் இல்லை. வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சு ஒரு சட்டம் கொண்டுவருவதாகப் பல ஆண்டுகளாகப் பேச்சு நடக்கிறது. தமிழ்நாட்டில் 2017-இல் இயற்றி 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், குடியிருப்பு வீட்டுக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்று வரம்பு கட்டுகிறது. இங்கே அப்படி வரம்பு எதுவும் இல்லை. இரண்டு மாத டெபாசிட், அதோடு தண்ணீர், மின்சாரத்துக்கு அரை மாதமோ ஒரு மாதமோ என்பது ஊர் வழக்கம்தான். நீங்கள் கையெழுத்திட்ட தாளும் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமுமே உங்கள் விவகாரத்தைப் பெரும்பாலும் தீர்மானிக்கும்.

அந்தத் தாளில் மூன்று இடங்களைத் தேடுங்கள். முன்கூட்டியே வெளியேறும் பிரிவு இருக்கிறதா, இருந்தால் எத்தனை மாத நோட்டீஸ் என்பது முதலாவது. வெளிநாட்டு ஊழியர்களுக்காக எழுதப்படும் 'டிப்ளமேட்டிக் கிளாஸ்' இருக்கிறதா என்பது இரண்டாவது. பிரிக்பீல்ட்ஸில் குடியிருக்கும் இந்திய மென்பொருள் ஊழியர்கள் பலர் இது இருப்பதாலேயே நிம்மதியாக இருக்கிறார்கள். ஆனால் வழக்கமாக அது முதல் 12 மாதம் கழிந்த பிறகுதான் உயிர்பெறும். இரண்டு மாத நோட்டீஸும், வேலை முடிந்ததற்கோ நாட்டை விட்டு மாற்றலாவதற்கோ முதலாளியின் கடிதமும் கேட்கும். கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு மாறுவது அதில் பெரும்பாலும் சேராது. மூன்றாவது, ஒப்பந்தத்தை இடையில் முறித்தால் என்ன என்ற வரி. டெபாசிட் பறிபோகும் என்று மட்டும் எழுதியிருக்கிறதா, மீதி மாத வாடகை முழுவதையும் கட்ட வேண்டும் என்று எழுதியிருக்கிறதா? பேரம் எங்கே தொடங்கும் என்பது இதில்தான் இருக்கிறது.

ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். 2025 ஜனவரி முதல், ஆண்டு வாடகையில் முதல் 2,400 ரிங்கிட்டுக்கு இருந்த விலக்கு எடுக்கப்பட்டுவிட்டது. மாதம் 1,500 ரிங்கிட் வாடகைக்கு இரண்டு ஆண்டு ஒப்பந்தம் என்றால் 250 ரிங்கிட்டுக்கு 3 ரிங்கிட் வீதம் 216 ரிங்கிட் வரி வரும். ஓராண்டு ஒப்பந்தம் என்றால் 72 ரிங்கிட். இந்தச் சின்னத் தொகையை மிச்சப்படுத்தப் போய், முத்திரையில்லாத தாளை நீதிமன்றத்தில் சான்றாகக் காட்ட முடியாமல் முழிப்பவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். அபராதத்தோடு பின்னால் கட்டிக்கொள்ளலாம். ஆனால் அந்தச் செலவும் இழுபறியும் யாருக்கும் பிடிப்பதில்லை.

"மிச்சம் பத்து மாசத்தையும் கட்டு"

வீட்டுக்காரர் கோபத்தில் சொல்லும் முதல் வாக்கியம் பெரும்பாலும் இதுதான். பயந்துவிடாதீர்கள். அலட்சியமும் செய்யாதீர்கள்.

ஒப்பந்தச் சட்டத்தின் 75-ஆவது பிரிவு, ஒப்பந்தத்தில் ஒரு தொகை எழுதப்பட்டிருந்தாலும், அதற்கு மேல் போகாத 'நியாயமான இழப்பீடு' மட்டுமே கிடைக்கும் என்கிறது. எழுதியிருக்கிற தொகை உச்சவரம்புதான், அப்படியே கிடைத்துவிடும் தொகை அல்ல. 74-ஆவது பிரிவின் விளக்கம், இழப்பைக் கணக்கிடும்போது அதைக் குறைக்க என்ன வழிகள் இருந்தன என்பதையும் பார்க்கச் சொல்கிறது. கேஎல் சென்ட்ரலுக்கு நடக்கும் தூரத்தில் உள்ள வீட்டைப் பத்து மாதம் பூட்டி வைத்துவிட்டு, பத்து மாத வாடகையையும் உங்களிடமே வாங்குவேன் என்பவருக்கு இந்த விளக்கம் இடைஞ்சல்தான்.

அதே சட்டம் உங்களுக்கும் கடிவாளம் போடுகிறது. 2018-இல் கூட்டரசு நீதிமன்றம் கியூபிக் எலெக்ட்ரானிக்ஸ் எதிர் மார்ஸ் டெலிகம்யூனிகேஷன்ஸ் வழக்கில் ஒரு முக்கியமான தீர்ப்புச் சொன்னது. அது ஒரு சொத்து விற்பனை வழக்கு. வாங்குபவர் பின்வாங்கினார், கட்டியிருந்த முன்பணத்தை விற்பவர் எடுத்துக்கொண்டார். நட்டப்பட்டவர் தன் நட்டத்தைக் காசு காசாக ஒவ்வொரு முறையும் நிரூபிக்க வேண்டியதில்லை, தொகை நியாயமற்றது என்று காட்டும் பொறுப்பு ஒப்பந்தத்தை முறித்தவருடையது என்றது நீதிமன்றம். முன்பணம் திரும்பக் கிடைக்கவில்லை. வாடகை வீட்டுக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் என் முடிவு இது: இரண்டு மாத டெபாசிட்டை வீட்டுக்காரர் வைத்துக்கொள்வதை நீதிமன்றத்தில் உடைப்பது கடினம். அதற்கு மேல் பத்து மாதம் கேட்பதை எதிர்த்து நிற்க நல்ல இடம் இருக்கிறது. ஆக உங்கள் பேச்சு சுழல வேண்டியது டெபாசிட் என்ற எல்லைக்குள்தான். அதில் எவ்வளவு திரும்ப வரும் என்பதே கேள்வி.

வேலை போய்விட்டது, ஆகவே ஒப்பந்தம் தானாகச் செல்லாது என்ற வாதம் நிற்காது. கோவிட் காலத்து 2020 தற்காலிகச் சட்டம்கூட, ஒப்பந்தக் கடமையைச் செய்ய முடியாதவர்களுக்குக் கொடுத்த பாதுகாப்பின் பட்டியலில் குடியிருப்பு அல்லாத இடங்களின் வாடகையைத்தான் சேர்த்தது. கடைக்காரருக்குக் கிடைத்த நிழல் வீட்டில் குடியிருந்தவருக்குக் கிடைக்கவில்லை.

வீட்டுக்காரருக்கு முன், முதலாளியிடம்

பலர் வரிசையைத் தலைகீழாகப் போடுகிறார்கள். புது நிறுவனத்தின் கடிதத்தில் கையெழுத்திட்டு, பழைய இடத்தில் ராஜினாமா கொடுத்து, எல்லாம் முடிந்த பிறகு வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப் அனுப்புகிறார்கள். அதற்குள் கையில் இருந்த துருப்புகள் எல்லாம் போய்விடும்.

புது நிறுவனம் உங்களை வேண்டும் என்று சொல்லி, நீங்கள் இன்னும் சரி என்று சொல்லாத அந்தச் சில நாட்கள்தான் கேட்கும் நேரம். இடமாற்றப்படி கேளுங்கள். 'ஏதாவது பார்த்துச் செய்யுங்கள்' என்று கேட்காமல், 'ஒப்பந்தத்தை முன்கூட்டியே முடிப்பதால் எனக்கு 3,000 ரிங்கிட் வரை இழப்பு வரும், ரசீது காட்டினால் அதை ஈடு செய்வீர்களா' என்று தொகையோடு கேளுங்கள். மனிதவள அதிகாரிக்கு அடிப்படைச் சம்பளத்தை ஏற்றுவதைவிட ஒரு முறை கொடுக்கும் தொகைக்கு ஒப்புதல் வாங்குவது எளிது. பணம் இல்லை என்றால் நாள் கேளுங்கள். வேலையில் சேரும் தேதியை இரண்டு, மூன்று வாரம் தள்ளிவைத்தால் ஒரு மாத வாடகை மிச்சமாகலாம். உங்கள் நிறுவனமே உங்களை மாற்றுகிறது என்றால் கேட்பதற்கு உங்களுக்கு இன்னும் உரிமை உண்டு.

பழைய வேலையின் நோட்டீஸ் காலத்தையும் வீட்டு நோட்டீஸோடு சேர்த்துப் பாருங்கள். நியமனக் கடிதத்தில் எதுவும் எழுதாத நிலையில், 1955 வேலைவாய்ப்புச் சட்டம் இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு நான்கு வாரம், இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் ஆறு வாரம், அதற்கு மேல் எட்டு வாரம் என்கிறது. எட்டு வாரம் உள்ளவருக்கு வீட்டுக்காரர் கேட்கும் இரண்டு மாத நோட்டீஸ் ஏறக்குறைய இலவசம். அந்த இரண்டு மாதமும் அவர் எப்படியும் அங்கேதான் இருக்கப்போகிறார். நான்கு வாரம் உள்ளவர்தான் காலி வீட்டுக்கு வாடகை கட்டுவார்.

வீட்டுக்காரரின் கணக்கை நீங்களே போடுங்கள்

ஒரு மாதிரிக் கணக்கு. வாடகை 1,500 ரிங்கிட், டெபாசிட் 3,000, இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் 14 மாதம் முடிந்திருக்கிறது. புது ஆள் பிடிக்க வீட்டுக்காரர் ஏஜென்டுக்கு ஏறத்தாழ ஒரு மாத வாடகை கொடுப்பார். வீடு ஒன்றிரண்டு மாதம் காலியாகக் கிடக்கலாம். சுவருக்கு ஒரு பூச்சு, ஏர்கான் சர்வீஸ் வேண்டியிருக்கும். எல்லாம் சேர்த்தால் 3,000 முதல் 5,000 வரை போகும். அவர் டெபாசிட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வதில் வியப்பில்லை.

இப்போது நீங்கள் இரண்டு மாதம் முன்பே சொல்கிறீர்கள், வரத் தயாராக இருக்கும் ஒருவரையும் அழைத்து வருகிறீர்கள். ஏஜென்ட் செலவு இல்லை, காலி மாதம் இல்லை. அக்கம்பக்கத்தில் வாடகை ஏறியிருந்தால் புது ஆளிடம் அவர் நூறு வெள்ளி கூடக் கேட்கவும் முடியும். நீங்கள் போவது அவருக்கு லாபமாகவே முடியலாம். இதைச் செய்த பிறகுதான் முழு டெபாசிட்டையும் திருப்பிக் கேட்கும் தகுதி உங்களுக்கு வருகிறது.

ஆகவே ஆள் தேடுவதை அவர் தலையில் விடாதீர்கள். அலுவலகக் குழுக்கள், கோவில் நண்பர்கள், மூடா, ஐபிலிக் இணையத்தள விளம்பரங்கள் என்று எதையும் விடாமல் பாருங்கள். கிள்ளான் புக்கிட் திங்கியிலோ தாமான் செந்தோசாவிலோ உள்ள தரைவீட்டுக்குக் குடும்பங்கள் வருவார்கள், ஆனால் பள்ளிக்கூடம் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள், நாளாகும். பிரிக்பீல்ட்ஸ் கொண்டோவுக்குத் தனியாட்கள் வேகமாகக் கிடைப்பார்கள். விளம்பரம் போடும் முன் வீட்டுக்காரரின் சம்மதம் கேளுங்கள். தன் வீட்டைத் தனக்குத் தெரியாமல் இணையத்தில் பார்க்கும் வீட்டுக்காரர் அதன் பிறகு எதற்கும் இளகமாட்டார்.

ஒரு எச்சரிக்கை. புது ஆள் உங்கள் ஒப்பந்தத்தின் நிழலில் குடியேறக் கூடாது. தம்பியையோ நண்பரையோ வீட்டில் விட்டுவிட்டு, 'நீ மாசாமாசம் ஓனருக்குக் கட்டிடு' என்று சொல்லிப் போனால், அவர் கட்டாத மாதத்துக்கும் உடைத்த கதவுக்கும் பொறுப்பு நீங்கள்தான். அவர் வீட்டுக்காரரோடு நேராகப் புது ஒப்பந்தம் போட வேண்டும், உங்களுடையது எழுத்தில் முடிய வேண்டும். அந்தப் புது ஒப்பந்தத்தின் முத்திரைச் செலவை நானே தருகிறேன் என்று முன்வாருங்கள். சின்னத் தொகைதான், ஆனால் வீட்டுக்காரர் மனதில் அது நிற்கும்.

பேசும் விதம்

முதல் செய்தியை நேரில் சொல்லுங்கள், முடியாவிட்டால் தொலைபேசியில். எழுத்து அதன் பிறகு. தீபாவளி, சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள் வாரங்களைத் தவிருங்கள். வாடகையை ஒழுங்காகக் கட்டிய மறுநாள் நல்ல நாள்.

"அக்கா, எனக்கு ஜூலை மாசம் பினாங்குல வேலை ஆரம்பம். ஜூன் 30 வரைக்கும் வாடகை எப்பவும் போல வந்துரும். உங்களுக்கு வீடு காலியா கிடக்கக் கூடாதுன்னு ரெண்டு பேரைப் பார்த்து வெச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை அவங்களுக்கு வீட்டைக் காட்டலாமா?"

இதில் டெபாசிட் என்ற பேச்சே இல்லை. முதலில் தேதியும் ஆளும். அவரே, "ஆனா அக்ரிமெண்ட் இன்னும் இருக்கேப்பா, டெபாசிட் கிடைக்காதே" என்று தொடங்குவார். அப்போது, "தெரியும்க்கா, அதான் முன்னாடியே சொல்றேன். புது ஆள் ஜூலைலயே வந்துட்டா உங்களுக்கு நட்டம் இல்லல்ல, முழுசா குடுத்துருங்க. வரலைன்னா ஒரு மாசத்தைக் கழிச்சுக்குங்க" என்று இரண்டு வழிகளை வையுங்கள். முழு டெபாசிட்டையும் விட்டுக்கொடுத்து அதோடு கணக்கை முடிப்பது உங்கள் கடைசிப் படி. முதல் பேச்சிலேயே அதைச் சொல்லிவிட்டால் மேலே ஏற இடமில்லை.

வீட்டுக்காரர் தமிழர் அல்லாதவராக இருந்தாலும் பேச்சின் வரிசை மாறாது. சட்டப் பிரிவு எண்களை முதல் பேச்சில் எடுக்காதீர்கள். 75-ஆவது பிரிவு, அவர் பத்து மாதத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் நாளுக்கு.

ஒத்துக்கொண்ட அன்றே வாட்ஸ்அப்பில் எழுதி அவரிடம் 'சரி' வாங்குங்கள். பிறகு ஒரு பக்கக் கடிதம்: வீட்டு முகவரி, பழைய ஒப்பந்தத்தின் தேதி, அது எந்த நாளோடு முடிகிறது, டெபாசிட்டில் எவ்வளவு எந்த நாளுக்குள் திரும்பும், அதற்குப் பிறகு இரு தரப்புக்கும் பாக்கி எதுவும் இல்லை என்ற வரி, இருவர் கையெழுத்து. கடைசி வரிதான் உயிர். அது இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து ஒரு வக்கீல் கடிதம் வர வழியிருக்கிறது.

வெளியேறும் தேதியை ஆசைக்குக் குறிக்காதீர்கள். வாடகை முடிந்த பிறகும் வீட்டை ஒப்படைக்காமல் இருப்பவரிடம் இரட்டை வாடகை கேட்க 1956 சிவில் சட்டத்தின் 28-ஆவது பிரிவு வீட்டுக்காரருக்கு இடம் தருகிறது. லாரி வருவது சனிக்கிழமை என்றால் தேதியைத் திங்களாகப் போடுங்கள்.

செய்யக் கூடாத ஒன்று

'டெபாசிட்டைக் கழிச்சுக்குங்க' என்று சொல்லிவிட்டுக் கடைசி இரண்டு மாத வாடகையை நிறுத்துவது கிள்ளான் பள்ளத்தாக்கில் பழகிப்போன வழி. நான் இதை ஆதரிப்பதில்லை. வீட்டுக்காரர் சம்மதிக்காமல் இதைச் செய்தால், முன்கூட்டியே வெளியேறுபவர் என்ற பெயர் போய் வாடகை பாக்கிக்காரர் என்ற பெயர் வந்துவிடும். பாக்கிக்காக நீதிமன்றத்தில் ஆணை வாங்கி வீட்டில் உள்ள பொருள்களை ஜப்தி செய்ய 1951 சட்டம் ஒன்று இருக்கிறது.

மறுபுறம், பூட்டை மாற்றி உங்களைத் தெருவில் நிறுத்த வீட்டுக்காரருக்கு உரிமை இல்லை. வாடகை முடிந்துவிட்டாலும் குடியிருப்பவரை வெளியேற்ற நீதிமன்றம்தான் போக வேண்டும் என்று 1950 தனி நிவாரணச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு சொல்கிறது.

ஆட்குறைப்பில் வேலை இழந்தவருக்கு நிலைமை வேறு. அவர் பாக்கி வைத்துவிட்டு மறைந்துவிடுவாரோ என்பதுதான் வீட்டுக்காரரின் பயம். பணி நீக்கக் கடிதத்தைக் காட்டி, 'கையில் இருக்கும் காசில் இன்னும் ஒரு மாதம்தான் கட்ட முடியும், அதற்குள் வீட்டைச் சுத்தமாகத் தந்துவிடுகிறேன்' என்று நேராகச் சொன்னால் பெரும்பாலானவர்கள் வீடு திரும்பக் கிடைப்பதையே விரும்புவார்கள். சொக்சோவின் வேலை காப்புறுதித் திட்டத்தில் வேலை போன 60 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வீட்டுக் கவலையில் அந்தக் கெடுவை விட்டுவிடாதீர்கள்.

பிரிக்பீல்ட்ஸ் பழைய கட்டடங்களில் ரூம் எடுத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். உங்களிடம் பணம் வாங்குபவர் பல இடங்களில் வீட்டுக்காரர் அல்ல, மொத்த வீட்டையும் வாடகைக்கு எடுத்து அறை அறையாகப் பிரித்து விட்டவர். உங்கள் டெபாசிட் அவரிடம்தான் இருக்கிறது, பேச வேண்டியதும் அவரிடமே. எழுத்தில் ஒன்றும் இல்லாத மாத வாடகை என்றால் வழக்கப்படி ஒரு மாத நோட்டீஸ் கொடுங்கள், அதை எழுத்தில் கொடுங்கள்.

சாவி கொடுக்கும் நாள்

வெறும் வீட்டை இருவரும் சேர்ந்து சுற்றிப் பாருங்கள். குடிவந்த நாளில் எடுத்த படங்கள் இருந்தால் இப்போது உதவும். மின்சாரம், தண்ணீர் மீட்டர் எண்களைப் படமெடுங்கள். தெனாகா மின்சாரக் கணக்கு உங்கள் பெயரில் இருந்தால் மூடிவிடுங்கள், அதில் நீங்கள் கட்டிய வைப்புத்தொகை தனியாகத் திரும்பும். ஆயர் சிலாங்கூர் தண்ணீர், இன்டா வாட்டர் கழிவுநீர் பாக்கிகளைத் தீர்த்த ரசீதை அனுப்பிவையுங்கள். யூனிஃபை இணைய இணைப்பு 24 மாத ஒப்பந்தமாக இருந்தால் வெட்டாமல் புது முகவரிக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். ஏர்கான் சர்வீஸ் ரசீது, சாவிகள், அக்செஸ் கார்டு எல்லாவற்றையும் எண்ணிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக ஒரு வரி கையெழுத்து வாங்குங்கள். கொண்டோவில் சாமான் இறக்கும் நாளை நிர்வாக அலுவலகத்தில் முன்கூட்டியே பதிய வேண்டியிருக்கும்.

ஒத்துக்கொண்ட பணம் வரவில்லை என்றால் நுகர்வோர் நடுவர் மன்றத்துக்கு ஓடாதீர்கள். 1999 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நிலம், வீடு சார்ந்த உரிமைகளை ஒதுக்கி வைத்திருக்கிறது. 5,000 ரிங்கிட் வரையிலான தொகைக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை நடைமுறை உண்டு. வக்கீல் வேண்டாம், படிவத்தை நீங்களே நிரப்பலாம். இரண்டு மாத டெபாசிட் பெரும்பாலும் அந்த வரம்புக்குள் அடங்கிவிடும். அங்கே நீங்கள் நீட்டப்போவது அந்த ஒரு பக்கக் கடிதத்தைத்தான்.

பினாங்கிலோ ஜொகூரிலோ அடுத்த வீட்டுக்குக் கையெழுத்துப் போடும் முன், ஏஜென்டிடம் ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள்: 'முதல் 12 மாதத்துக்குப் பிறகு, வேலை காரணமாக வேறு மாநிலத்துக்கோ நாட்டுக்கோ மாறினால், குடியிருப்பவர் இரண்டு மாத எழுத்து நோட்டீஸ் கொடுத்து ஒப்பந்தத்தை முடிக்கலாம், டெபாசிட் முழுவதும் திரும்பும்.' குடிவரும் முன் இதைக் கேட்டால் பல வீட்டுக்காரர்கள் மறுப்பதில்லை.